மெதுவாக ஓட்டினால் எண்ட் மில் உடையாதா?

கேள்வி: வீட்டில் 3018 சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்படி செதுக்கும் சின்ன மெஷின்) வைத்திருக்கிறேன். மரத்தில் பெயர்ப்பலகை எல்லாம் அழகாக வருகிறது. அலுமினியத் தகடு வைத்தால் மட்டும் எண்ட் மில் (சுழன்று வெட்டும் பல் வைத்த கருவி) உடைந்துபோகிறது. இரண்டு பல், 3 மி.மீ. எண்ட் மில், நிமிடத்துக்கு 60 மி.மீ. வேகம், அரை மி.மீ. ஆழம். இன்னும் மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டுமா?
– கரூர் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. மெதுவாக ஓட்டுவதுதான் அதை உடைக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ட் மில்லைச் சுழற்றும் உங்கள் ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். இரண்டு பல்லுக்கு 20,000 வெட்டு. 60 மி.மீட்டரை அதால் வகுத்தால் பல்லுக்கு 0.003 மி.மீ. அவ்வளவு கொஞ்சமாகக் கொடுத்தால் பல் சீவாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் அலுமினியம் இளகிப் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். அதோடு எண்ட் மில் ஒடியும். ஒடிந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், பள்ளம் முழுக்க வெள்ளையாக அடைத்திருக்கும்.

ஒற்றைப் பல் கார்பைடு எண்ட் மில் வாங்குங்கள். பல்லுக்கு 0.02 மி.மீ. வைத்தால் வேகம் நிமிடத்துக்கு 200 மி.மீ. வரும். குறைக்க வேண்டியது ஆழத்தை. 0.1 மி.மீட்டரில் ஆரம்பியுங்கள். நேராகக் குத்தி இறக்காமல் சரிவாக இறக்குங்கள். சீவல் ரவை மாதிரி உதிர்ந்தால் சரி. மாவு மாதிரி விழுந்தால் இன்னும் தேய்க்கிறது என்று அர்த்தம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கோவை கணபதியில் லேத் பழகிய நாளில் எங்கள் மேஸ்திரி டயல் கேஜ் (நூலளவு அசைவையும் முள்ளில் காட்டும் அளவி) வைத்துப் பார்க்காமல் ஜாப் கட்ட விடமாட்டார். எனக்கு அன்று எரிச்சல்தான். இன்றைக்கு நானும் அப்படித்தான். கேஜை ஸ்பிண்டில் மேல் தொடும்படி வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கேஜ் முள் நகர்ந்து திரும்பி வராவிட்டால் எங்கோ போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது ஸ்க்ரூ நட்டில் ஆட்டம் இருக்கிறது. மரம் அதைப் பொறுத்துக்கொள்ளும், உலோகம் பொறுக்காது. தகட்டையும் நான்கு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

பட்டறைகளில் அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் தொட்டு வெட்டுவார்கள். உங்கள் மெஷினில் அது கூடவே கூடாது. அந்தச் சின்ன மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பொறி பறக்கும், மண்ணெண்ணெய் பற்றிக்கொள்ளலாம். கட்டிங் ஆயில் இரண்டு சொட்டு போதும். கன்ட்ரோல் போர்டு திறந்தே இருந்தால் இன்றைக்கே மூடி போடுங்கள். உள்ளே ஒரு சீவல் விழுந்தாலும் ஷார்ட் ஆகிவிடும்.