கால் ஊன்றினால் ஒரு புள்ளி: ட்ரயல்ஸ் கேள்வி பதில்

என் தங்கை மகள் கண்மாய்க் கலுங்கில் (உபரித் தண்ணீர் வழியும் கல் கட்டு) மோட்டார் சைக்கிள் ஏற்றும் வீடியோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். அவளுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான்தான். தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

பரமக்குடியிலிருந்து: அண்ணே, இது என்ன ரேஸ்? வேகமே இல்லையே?

ரேஸே இல்லை தம்பி. இதற்கு ட்ரயல்ஸ் என்று பெயர், மோட்டார் சைக்கிளில் கால் ஊன்றாமல் தடைகளைக் கடக்கிற விளையாட்டு. யார் முதலில் வந்தார் என்ற கணக்கே இதில் கிடையாது. பாறை, மரத்தடி, சரிவு என்று நாடா கட்டிப் பிரித்த சிறு பாதைகள் இருக்கும். அவற்றுக்கு செக்‌ஷன் என்று பெயர். கால் தரையில் படாமல் கடந்தால் பூஜ்யம். ஒரு தடவை ஊன்றினால் 1, இரண்டு தடவை என்றால் 2, மூன்றோ அதற்கு மேலோ ஊன்றினால் 3. விழுந்தாலும், நாடாவைத் தாண்டிப் போனாலும் 5. எல்லா செக்‌ஷனையும் கூட்டி, குறைந்த புள்ளி யாருக்கோ அவருக்கே வெற்றி. ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கிற பழைய ட்ரயல் 1909-இல் தொடங்கியது. உலக சாம்பியன்ஷிப் 1975 முதல் நடக்கிறது.

சாயல்குடியிலிருந்து ஒரு தகப்பனார்: பையனுக்கு ஒன்பது வயது. எந்த வண்டி வாங்கலாம்?

இப்போதைக்கு வண்டி வேண்டாம். ஒரு சைக்கிளின் சீட்டை அடியோடு இறக்கிவிட்டு, நின்றபடியே ஓட்டச் சொல்லுங்கள். பெடலை மிதிக்காமல், கால் ஊன்றாமல், ஒரே இடத்தில் நிற்கப் பழகட்டும். ஏழு முறை உலகப் பட்டம் வாங்கிய ஜோர்டி டாரெஸும், அவருக்குப் பின் வந்த டோனி பௌவும் சைக்கிள் ட்ரயல்ஸிலிருந்து வந்தவர்கள்தான். அது கை வந்த பிறகு, குழந்தைகளுக்கென்றே செய்யும் மின்சார ட்ரயல்ஸ் வண்டி (ஓசெட் என்ற பிராண்ட் இதில் பெயர் பெற்றது), அப்புறம் 125 சிசி என்று போகலாம்.

எந்த வண்டியானாலும் கில் ஸ்விட்ச் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஏற விடாதீர்கள். வண்டி கையை விட்டுப் போகிற நொடியில் கயிறு இழுபட்டு இன்ஜின் அணைய வேண்டும்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, பிள்ளை எப்படி இவ்வளவு முன்னேறினாள்? அந்தக் கலுங்கில் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நம் பக்கம் மலை கிடையாது, பாறை கிடையாது. தண்ணீர் வற்றிய கண்மாய், பனந்தடி, இடிந்த கட்டடத்தின் கான்கிரீட் துண்டு, இவைதான் நம் மைதானம். அந்தக் கலுங்கில் இரண்டு படி. இரண்டாவது படி ஏறியதும் வலப்பக்கம் ஒடித்துத் திரும்பியாக வேண்டும், இல்லையென்றால் முள்ளுக்குள் போய்விடுவோம். ஆரம்பத்தில் அவளுக்கு அங்கே எப்போதும் 5. எல்லோரும் படிதான் கஷ்டம் என்று நினைத்தார்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், படியை அவள் சரியாகத்தான் ஏறுகிறாள். ஏறும்போது கண் முன் சக்கரத்திலேயே இருக்கிறது, அதனால் திருப்பத்துக்கு உடம்பு தயாராகவில்லை.

அதனால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி நடக்க வைத்தேன். எந்தக் கல்லில் சக்கரம் படும், எந்தக் கல் ஆடுகிறது, ஏறி முடித்த இடத்தில் நின்றால் எங்கே பார்க்க வேண்டும், இதையெல்லாம் காலாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். போட்டியிலும் செக்‌ஷனை முதலில் நடந்து பார்க்க விடுவார்கள். அதில் சோம்பல் படுகிறவர் ஜெயிக்க மாட்டார்.

படி ஏறும் விதத்தையும் சொல்கிறேன். கிளட்சில் ஒற்றை விரல், முன் பிரேக்கில் ஒற்றை விரல். முட்டியை மடக்கி உடம்பைத் தாழ்த்தி, ஆக்சிலேட்டரைச் சின்னதாக ஒரு முறுக்கு; முன் சக்கரம் எழும். அது படியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே முட்டுகிற அதே நேரத்தில் இரண்டாவது முறுக்கு, கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். பின் சக்கரம் கல்லைக் கடித்து ஏறும்போது முட்டி தளர்ந்து வண்டியைத் தன் பக்கம் வர விட வேண்டும். விறைத்துக்கொண்டு நின்றால் வண்டி உதைத்துத் தள்ளிவிடும்.

இன்னொன்று. முன்னேற்றத்தைப் படியின் உயரத்தில் அளக்காதீர்கள். ஒரு நோட்டில் செக்‌ஷன் வாரியாகப் புள்ளி எழுதுகிறோம். 5 என்பது 3 ஆனது, அந்த 3 கொஞ்சம் கொஞ்சமாக 1 ஆனது. அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த செக்‌ஷன் கட்டினேன். 5-ஐ 3 ஆக்கியதில் கொஞ்சம் புத்தியும் இருக்கிறது: மூன்றாவது கால் ஊன்றிவிட்டால் நாலாவதுக்குப் பயப்படத் தேவையில்லை. 3-க்கு மேல் ஏறாது, எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும். இது தெரியாத பிள்ளைகள் மூன்றாவது ஊன்றலோடு மனம் விட்டு வண்டியைச் சாய்த்துவிடுவார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து: வீட்டில் ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. அதிலேயே பழகலாமா?

பாதி பழகலாம். ஹேண்டிலை முழுக்க ஒடித்து எட்டுப் போடுவது, நடை வேகத்துக்கும் குறைவாகப் போவது, கிளட்ச் விரல், இவ்வளவுக்கும் போதும். படி ஏற்றாதீர்கள். ட்ரயல்ஸ் வண்டி ஏறக்குறைய 70 கிலோ, ஸ்ப்ளெண்டர் 110-க்கு மேல். விழுந்தால் உங்கள் மேல்தான் விழும். அதில் கில் ஸ்விட்ச் கயிறும் கிடையாது, பொருத்திவிட்டுத் தொடங்குங்கள்.

முதுகுளத்தூரிலிருந்து: டயரில் எவ்வளவு காற்று?

ட்ரயல்ஸ் டயரில் பின்னால் 4 அல்லது 5 பி.எஸ்.ஐ., முன்னால் 6, 7. கல்லின் மேல் டயர் சப்பி உட்கார வேண்டும், அப்போதுதான் பிடிப்பு. ஆனால் சாதாரண வண்டியில், டியூப் உள்ள பின் டயரில் இதைச் செய்யாதீர்கள். டயர் ரிம்மின் மேல் சுற்றி, வால்வின் கழுத்து அறுந்துவிடும். சீமைக் கருவேல முள் கதையை நான் சொல்லத் தேவையில்லை, கையில் பஞ்சர் சாமான் இருக்கட்டும்.

தொண்டியிலிருந்து: எந்த வண்டி வாங்கலாம், என்ன விலை?

சாயல்குடிக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள். விலை கேட்டு எழுதாதீர்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: தனுஷ்கோடி மணல்மேட்டில் பயிற்சி செய்யலாமா? கல்லைவிட மணல் பத்திரம்தானே?

கூடாது. மணல்மேட்டை அடும்பங்கொடி பிடித்து வைத்திருக்கிறது, சக்கரம் அதை அறுத்தால் மணல் ஓடிவிடும். ஆமை முட்டையிடும் கரை வேறு. தீவுகளும் பவளப்பாறையும் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, அங்கே கால் வைக்கவே அனுமதி வேண்டும். விளையாட்டுக்கும் அந்த மணல் உதவாது. மணலில் ஆக்சிலேட்டரை முறுக்கியே தப்பிக்கப் பழகிவிடுவீர்கள், ட்ரயல்ஸ் கேட்பது அதற்கு நேர் எதிர்.

கீழக்கரைக்காரர் மறுபடியும்: அவள் ஒரு கல்லின் மேல் நின்று, துள்ளித் திருப்பினாளே, அது தப்பில்லையா காக்கா? நிற்காமல் போவதுதான் ட்ரயல்ஸ் என்று படித்தேன்.

மண்டபத்திலிருந்து: அண்ணே, அவருக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். துள்ளல் இல்லாவிட்டால் அது வெறும் சேற்று ஓட்டம்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன், மறுபடி சண்டைக்கு வந்தாலும் சரி. பழைய பிரிட்டிஷ் வழக்கம் நிற்காமல் போவது. 1979-இல் பட்டம் வாங்கிய அமெரிக்கர் பெர்னி ஷ்ரைபர் ஒற்றைச் சக்கரத்தில் வண்டியைச் சுழற்றித் திருப்புவதைப் பிரபலமாக்கினார். டாரெஸ் காலத்தில் துள்ளல் பெருகியது. 2013-இல் உலக சாம்பியன்ஷிப்பில் நிற்காமல் போகும் விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பௌவின் ஆட்டம் துள்ளலை நம்பியது, இனி அவர் அவ்வளவுதான் என்று பேசியவர்கள் உண்டு. அவர் 2007 முதல் 2024 வரை ஒரு வருடம் விடாமல் பட்டம் வாங்கியிருக்கிறார், விதி மாறியதற்கு முன்னும் பின்னும்.

என் பக்கம் சொல்கிறேன்: பழகும் பிள்ளைக்கு முதலில் நிற்காத ஆட்டம். உருளும் சக்கரத்தில்தான் பாதையைப் படிக்க வரும். நின்றும் துள்ளியும் தப்பிக்கப் பழகினால் பாதையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தது தெரியாமலே போய்விடும். வீடியோவில் அவள் துள்ளியது தனிப் பயிற்சி. போட்டிக்குப் போகும்போது அந்தப் போட்டியின் விதியைப் படியுங்கள், நின்றால் 5-ஆ இல்லையா என்பது அதில் இருக்கும்.

மண்டபத்துக்காரர்: அப்படியென்றால் துள்ளல் தெரியாமல் பெரிய பாறை ஏற முடியுமா?

முடியாது. நான் வரிசையைச் சொல்கிறேன், துள்ளல் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெயர் இல்லாமல்: பெண் பிள்ளைக்கு இது எதற்கு?

ஸ்பெயினின் லாயா சான்ஸ் 13 முறை மகளிர் உலகப் பட்டம் வாங்கினார், டக்கார் என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயமும் ஓட்டினார். அவருக்குப் பின் இங்கிலாந்தின் எம்மா பிரிஸ்டோ. நம் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பஹா என்ற கரடுமுரடான பாதைப் பந்தயத்தில் மகளிர் உலகக் கோப்பை வாங்கினார். என் மருமகளுக்குப் பிடித்திருக்கிறது, அது போதும்.

தேவிபட்டினத்திலிருந்து: தம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீலிங் நன்றாகப் போடுவான், பதினாறு வயது. ட்ரயல்ஸில் சேர்க்கலாமா?

முதலில் ரோட்டில் ஓட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வயதில் கியர் வண்டிக்கு லைசென்ஸே கிடையாது. பிடிபட்டால் 2019 திருத்தத்தின்படி பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. நிறுத்திவிட்டு வந்தால் சொல்லித் தருகிறேன்.

திருவாடானையிலிருந்து: எந்த வண்டி...

மேலே பாருங்கள். கில் ஸ்விட்ச் கயிறும் மேலேயே இருக்கிறது.

ஏர்வாடியிலிருந்து: கடற்கரை ஊரில் செயின் சீக்கிரம் துரு ஏறுகிறது. என்ன செய்வது?

ஓட்டி முடித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். பம்பை வைத்துச் சக்கர பேரிங்கின் மேல் பீச்சியடிக்கக் கூடாது, உப்புத் தண்ணீர் சீலுக்குள் போய்விடும். செயினைத் துணியால் துடைத்துக் காய வைத்து, உள்பக்கத்தில் எண்ணெய் விடுங்கள், சுற்றும்போது அது வெளியே பரவும். பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக் கூடாது. பின் சஸ்பென்ஷனின் இணைப்பு போல்டுகளைக் கழற்றி அடிக்கடி கிரீஸ் வையுங்கள். நம் பக்கத்துக் காற்றுக்கு முதலில் இறுகிப்போவது அதுதான், இறுகிய பிறகு சுத்தியல் வைத்தால்தான் வரும்.