பழைய எண், புதிய எண்: பெட்டியில் இருக்கும் கல்லுக்கு எந்தக் குடும்பப் பெயர்?

கேள்வி: என் மாமனார் ஒரு கல்லூரியின் நிலவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். துறையில் கழித்துக்கட்டிய சில கற்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அவற்றில் சிப்பி போன்ற ஒன்றுடன் இருக்கும் சீட்டில் "ஸ்பிரிஃபெர் ராஜா, குடும்பம் ஸ்பிரிஃபெரிடே, குலிங், ஸ்பிதி" என்று எழுதியிருக்கிறது. புதிய புத்தகத்தில் பார்த்தால் அது ஸ்பிரிஃபெரெல்லா, குடும்பம் ஸ்பிரிஃபெரெல்லிடே என்கிறார்கள். என் மகள் இதைப் பள்ளிக் கண்காட்சியில் வைக்கப்போகிறாள். எதை எழுதுவது? எதிர்வீட்டு அண்ணன், "இது எண்ணூர் மட்டிதான், கல்லாகிவிட்டது" என்கிறார். (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: புதிய பெயரை எழுதுங்கள். ஆனால் பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் முகவரி எழுதும்போது பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் போடுகிறோம் அல்லவா? வீடு அங்கேயேதான் இருக்கிறது, கதவில் இருக்கும் எண்தான் மாறியது. உங்கள் கல்லுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

முதலில் மட்டி விஷயத்தை முடித்துவிடுவோம். காசிமேட்டிலிருந்து ஒரு மட்டி வாங்கிவந்து கல்லின் பக்கத்தில் வையுங்கள். மட்டியின் இரண்டு ஓடுகளும் இடது, வலது கைகளைப் போல; ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்த மாதிரி. ஆனால் ஒரே ஓட்டை நடுவில் பிரித்துப் பார்த்தால் இரு பாதியும் பொருந்தாது. உங்கள் சீட்டில் இருக்கும் ஸ்பிரிஃபெர், பிராக்கியோபாட் என்ற இரண்டு ஓடு கொண்ட கடலுயிரி வகை. அதில் இது அப்படியே தலைகீழ். கீழோடு பெரியது, மேலோடு சிறியது. ஒவ்வொரு ஓட்டையும் அலகிலிருந்து (கீல் பக்கத்துக் கூர்முனை) விளிம்பு வரை கோடு போட்டுப் பிரித்தால் இரு பாதியும் ஒத்திருக்கும். உங்கள் கல் அப்படி இருந்தால் அது மட்டியே இல்லை, மட்டிக்கு நெருங்கிய உறவும் இல்லை. பிராக்கியோபாட் என்பது தனித் தொகுதி. இன்று உயிரோடு இருப்பவை சுமார் 400 இனங்கள்தான். புதைபடிவமாகக் கிடைப்பவை அதைப் போல் பல மடங்கு.

இனி பெயர். இன்றைய உத்தராகண்ட் இமயத்தில் நீதிக் கணவாய்ப் பகுதியிலிருந்து ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி கொண்டுவந்த கற்களை ஆராய்ந்து, 1865-இல் புதைபடிவ ஆய்வாளர் சால்டர் இந்த இனத்துக்கு 'ராஜா' என்று பெயர் வைத்தார். நம் நாட்டுச் சொல் ஒன்று இலத்தீன் பெயரோடு நிற்பதைப் பார்க்க எனக்கு இன்றும் சந்தோஷம்தான். அந்தக் காலத்தில் ஸ்பிரிஃபெர் என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) ஒரு பெரிய கூட்டுக்குடும்பம் மாதிரி. இரண்டு ஓடும் சேரும் இடத்தில் நீளமான கீல், விசிறி மாதிரி வரிகள், கீழோட்டின் நடுவில் பள்ளம், மேலோட்டில் அதற்கு ஈடாக மேடு: இவை இருந்தால் போதும், உள்ளே சேர்த்துவிடுவார்கள். அந்தப் பேரினத்தை வைத்து 1846-இல் கிங் ஏற்படுத்தியதுதான் ஸ்பிரிஃபெரிடே குடும்பம்.

ஆனால் வெளித்தோற்றம் ஏமாற்றும். இன்னும் பழமையான ஆர்டோவிசியன் காலத்து பிளாட்டிஸ்ட்ரோஃபியா என்ற பிராக்கியோபாட் ஒன்று இருக்கிறது. அதே நீளக் கீல், அதே வரிகள், அதே பள்ளமும் மேடும். பழகிய கண்ணே ஸ்பிரிஃபெர் என்றுதான் சொல்லும். உள்ளே பார்த்தால் முற்றிலும் வேறு வரிசையை (பல குடும்பங்கள் சேர்ந்த பிரிவு) சேர்ந்த உயிரி. ஸ்பிரிஃபெர் வகைகளின் ஓட்டுக்குள், உணவை வடிகட்டும் உறுப்பைத் தாங்க, ஸ்பிரிங் மாதிரி சுருண்ட இரண்டு சுண்ணாம்புச் சுருள்கள் இருக்கும். ஸ்பிரிஃபெர் என்ற பெயருக்கே சுருளைச் சுமப்பது என்றுதான் பொருள். பிளாட்டிஸ்ட்ரோஃபியாவுக்குள் அந்தச் சுருள் கிடையாது.

அதனால்தான் வகைப்படுத்துபவர்கள் ஓட்டின் உள்ளமைப்பையும் நுண்ணிய மேற்பரப்பையும் பிடித்துக்கொண்டார்கள். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு மட்டத்தையும் வரைந்து உள்ளமைப்பைக் கண்டுபிடிப்பார்கள். இப்போது சி.டி. ஸ்கேனும் செய்கிறார்கள். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் பழைய கூட்டுக்குடும்பம் பாகப்பிரிவினை ஆனது. 1902-இல் செர்னிஷேவ் ஸ்பிரிஃபெரெல்லா என்ற பேரினத்தைப் பிரித்தார். 1968-இல் வாட்டர்ஹவுஸ் அதை வைத்துத் தனிக் குடும்பப் பெயர் கொடுத்தார். ஆனால் ஸ்பிரிஃபெரிடா என்ற வரிசை அப்படியே இருக்கிறது. தெரு மாறவில்லை.

சரி, கையில் இருப்பது உண்மையிலேயே ஸ்பிரிஃபெரெல்லாதானா என்று எப்படிப் பார்ப்பது? 10 மடங்கு கைலென்ஸ் ஒன்று, செல்போன் டார்ச், ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து வரிகளைப் பாருங்கள். ஸ்பிரிஃபெரெல்லாவில் சில தடித்த மடிப்புகள் இருக்கும், ஒவ்வொரு மடிப்பின் மேலும் சிறு வரிகள் கொத்தாக ஓடும். ஓட்டின் மேல்தோல் மிச்சமிருக்கும் இடத்தில் நுண்ணிய கொப்புளப் புள்ளிகள் தெரியும். ஸ்பிரிஃபெர் என்றால் அங்கே நூல் போன்ற மெல்லிய கோடுகள் இருக்கும். அப்புறம் கீழோட்டின் அலகுப் பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். ஸ்பிரிஃபெரெல்லாவில் அந்தப் பகுதி மிகத் தடிப்பாக, கனமாக இருக்கும். கீலில் ஓடுகளைப் பூட்டும் பல்லைத் தாங்கும் தகடுகள் அந்தத் தடிப்புக்குள்ளேயே புதைந்துபோயிருக்கும். மேல்தோல் முழுக்கத் தேய்ந்துபோயிருந்தால் பெயரின் முன்னால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் அப்படித்தான் செய்வார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கண்காட்சிக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று புளி, எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எதையும் அதன் மேல் போடாதீர்கள். ஓடு கால்சைட், அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். முதலில் போவது குடும்பத்தைச் சொல்லும் அந்த நுண்புள்ளிகள்தான். மெல்லிய பிரஷ்ஷும் தண்ணீரும் போதும்.

சீட்டில் இப்படி எழுதலாம்: "ஸ்பிரிஃபெரெல்லா ராஜா (சால்டர், 1865). குடும்பம்: ஸ்பிரிஃபெரெல்லிடே. வரிசை: ஸ்பிரிஃபெரிடா. பெர்மியன் காலம். குலிங், ஸ்பிதி. பழைய சீட்டில்: ஸ்பிரிஃபெர் ராஜா, ஸ்பிரிஃபெரிடே." சால்டர் பெயரைச் சுற்றியுள்ள அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். அவர் பெயரிட்ட இனம் பின்னால் வேறு பேரினத்துக்கு மாறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். யாராவது கேட்டால் உங்கள் மகள் அதைச் சொல்லட்டும், அசந்துபோவார்கள். வயது கேட்டால் 25 கோடி ஆண்டுக்கு மேல் என்று சொல்லலாம். பெர்மியன் முடிவில் நடந்த பேரழிவைத் தாண்டி இந்தக் குடும்பம் வரவில்லை.

பெயரைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது "குலிங், ஸ்பிதி" என்ற இரண்டு சொற்கள். குடும்பப் பெயரை நாளைக்கும் திருத்தலாம்; எந்த ஊர்க் கல் என்பது தொலைந்தால் யாராலும் மீட்க முடியாது. இமாச்சலத்தின் ஸ்பிதியில் இருக்கும் குலிங் பாறைகளை 1860களில் ஆராய்ந்த நிலவியலாளர் ஸ்டோலிச்காதான், 1872-இல் நம் அரியலூர், திருச்சி வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம்) பிராக்கியோபாட்களையும் விவரித்தார். கல் எந்த ஊருடையது என்று சீட்டு இருந்ததால்தான் அந்த வேலைகள் இன்றும் நமக்குப் பயன்படுகின்றன.

மாமனார் எழுதிய சீட்டை போட்டோ எடுத்து, தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்லோடு ஒரே டப்பாவில் வையுங்கள். புதிய சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், ஈரம் பட்டாலும் கலையாது. 2023 டிசம்பர் மழையில் உங்கள் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று உங்களுக்கே தெரியும். டப்பாவை கட்டிலுக்கு அடியில் வைக்காமல் பரண் மேல் ஏற்றிவிடுங்கள்.