மலைப்பூண்டு தின்றும் முடி கொட்டுகிறதா?

ஆறு பல் பூண்டு போதாது. முட்டையை விட்டபின் கந்தகத்துக்காகத் தினமும் ஆறு பல் மலைப்பூண்டு தின்றும் முடி கொட்டுவது நிற்கவில்லை என்று கொடைக்கானல் மலையிலுள்ள கூக்காலிலிருந்து கேட்டிருந்தீர்கள். உடலுக்கு வேண்டிய கந்தகம் பெரும்பாலும் புரதத்தில் உள்ள மெத்தியோனின், சிஸ்டீன் அமினோ அமிலங்கள் வழியாகத்தான் வருகிறது. முடியின் முக்கியப் புரதமான கெரட்டினில் சிஸ்டீன் நிறைய. பூண்டை நசுக்கியதும் மூக்கில் ஏறும் அல்லிசினும் கந்தகச் சேர்மம்தான், ஆனால் அது புரதத்துக்கு ஈடாகாது.

உங்கள் எடை 60 கிலோ என்றால் மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 900 மில்லிகிராம் வேண்டும். ஒரு முட்டையில் 300 போல இருக்கும். அதை நிறுத்தியபோது அந்த இடத்தில் என்ன வைத்தீர்கள்? அங்கேதான் ஓட்டை என்று நினைக்கிறேன்.

மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிப் பாருங்கள். புரதம் நாளுக்கு 48 கிராமுக்குக் கீழே போனால், தட்டில் இருப்பதை மாற்றுங்கள். பட்டர் பீன்ஸ், பட்டாணி நல்லவைதான், ஆனால் அவற்றில் மெத்தியோனின் குறைவு. சோறோ கேழ்வரகுக் களியோ சேர்ந்தால் சரியாகும். தயிர், எள் துவையலும் உதவும். முட்டைகோஸிலும் கந்தகம் உண்டு. எனக்கு வயிறு உப்புவதுதான் மிச்சம்!

அப்புறம், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு இரண்டாலும் முடி கொட்டும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். குளிருக்கு இதமாகச் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் நம் மலைப் பழக்கம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால் பச்சைப்பூண்டு அளவை டாக்டரிடம் கேளுங்கள்.