கூரை கழுவ எவ்வளவு ஆகும்? அண்ணாச்சியிடம் கேட்டதும் அவர் சொன்னதும்

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஓட்டுக்கூரையையும் மொட்டை மாடியையும் சுத்தம் பண்ண ஆள் தேடும் நேரம் இது. நெல்லை, தென்காசி, கடற்கரைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குக் கூரை வேலை தெரிந்த அண்ணாச்சி ஒருவர் பதில் சொல்கிறார். ரூபாய்க் கணக்கை அவர் சொல்லவில்லை. "அம்பையில கூலி வேற, வள்ளியூர்ல வேற. நான் ஆள்கணக்கு சொல்லுதேன், உங்க ஊர்க் கூலியால பெருக்கிக்கோங்க" என்கிறார்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, 1000 சதுர அடி மொட்டை மாடி. ரெண்டு பேர்ட்ட விசாரிச்சேன். ஒருத்தர் சொன்னதுல பாதிதான் இன்னொருத்தர் சொல்லுதாரு. சதுர அடிக்கு நியாயமான ரேட் என்ன?

சதுர அடி ரேட்டை வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாது தம்பி. அவங்க ரெண்டு பேர்ட்டயும் நாலு கேள்வி கேளுங்க. எத்தனை ஆள், எத்தனை மணி நேரம்? தண்ணி யாருது? பாசி சாக மருந்து அடிப்பாங்களா, வெறுமனே தண்ணியைப் பீச்சிட்டுப் போவாங்களா? சுரண்டின குப்பையை யார் கீழ இறக்குவா? பாதி விலை சொன்னவரு அநேகமா கடைசி ரெண்டையும் கணக்குல சேர்த்திருக்க மாட்டாரு.

படி வசதியா இருந்து, லேசான பாசின்னா, பிரஷர் வாஷர் (தண்ணியை வேகமாப் பீச்சுற மிஷின்) வச்சு 1000 சதுர அடிக்கு ரெண்டு ஆளுக்கு அரை நாள் வேலை. கருப்பாப் படிஞ்சு, கால் வச்சா வழுக்குற அளவுன்னா மருந்து ஊறணும், ரெண்டாவது தடவை தேய்க்கணும், முழு நாள் ஆயிரும். அதுக்கு மேல மிஷின் வாடகை, வண்டிச்செலவு, மருந்து. வெறும் 200 சதுர அடி மாடியா இருந்தாலும் அரை நாள் கூலிக்குக் குறைஞ்சு யாரும் வரமாட்டாங்க, அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால தெருவுல மூணு வீடு சேர்ந்து ஒரே நாள்ல கூப்பிட்டா, வண்டியும் மிஷினும் மூணாப் பங்கு ஆகும். பேரம் பேசுறதை விட இதுல மிச்சம் ஜாஸ்தி.

ஜிஎஸ்டி ரசீது போட்டுத் தர்ற கம்பெனின்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியா வரும். சொன்ன விலையில அது அடக்கமான்னு முதல்லயே கேட்டுருங்க.

கல்லிடைக்குறிச்சி: எங்க வீடு பழைய சீமை ஓட்டு வீடு. வீட்டு அளவு 25க்கு 40, ஆயிரம் சதுர அடிதான். வந்த ஆள் 1450 சதுர அடின்னு அளந்து சொல்லுதான். ஏமாத்துதானா?

ஏமாத்தலை அக்கா. தரையோட அளவு வேற, ஓட்டோட அளவு வேற. இறவானம், அதாவது சுவரைத் தாண்டி நிக்கிற கூரை ஓரம், நாலு பக்கமும் 2 அடி வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா 25க்கு 40ங்கிறது 29க்கு 44 ஆயிரும். அதுவே 1276. சரிவுக்கு மறுபடி பெருக்கணும். 12 அடிக்கு 7 அடி ஏத்தம்னா, அதாவது 30 டிகிரி சரிவு, 1.15ஆல பெருக்குங்க. 1467 வருது. அவரு சரியாத்தான் அளந்திருக்காரு. 45 டிகிரி செங்குத்தா இருந்தா 1.41ஆல பெருக்கணும்.

ஓட்டு வேலையில பரப்பை விட ஆபத்துக்குத்தான் காசு. நடக்கிறவன் ரீப்பர் (ஓடு உக்காருற மரச்சட்டம்) ஓடுற வரிசையில, ஓட்டுமேல ஓடு ஏறி உக்காந்த இடத்துல மட்டும் கால் வைக்கணும். நடு ஓட்டுல மிதிச்சா உடையும். ஏணிப்பலகை போட்டு, முகட்டுல கயிறு கட்டி வேலை செய்யுறவன் மாடி கழுவுறதை விட ரெண்டு மடங்கு நேரம் எடுப்பான். கயிறு இல்லாம ஏறுறவன் கம்மியாக் கேட்டாலும் வேண்டாம்.

தண்ணியை முகட்டுலருந்து கீழ்நோக்கித்தான் பீச்சணும். தாவாரத்துல நின்னு மேல்நோக்கிப் பீச்சினா ஓட்டு இடுக்கு வழியாத் தண்ணி ஏறிப் பட்டாசல்ல (வீட்டுக் கூடத்துல) கொட்டும். கம்பி பிரஷ் கூடாது. பாசியை மரக்கரண்டியோ பிளாஸ்டிக் தகடோ வச்சுச் சுரண்டிட்டு, நைலான் பிரஷ் போட்டா போதும்.

இன்னொண்ணு, உடைஞ்ச ஓடு. 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு உக்காரும். உங்க கூரையில 2000 ஓட்டுக்கு மேல இருக்கு. எவ்வளவு கவனமா ஏறினாலும் பத்து இருபது விரியும். பழைய ஓட்டு அளவுக்குப் புது ஓடு சில சமயம் பொருந்தாது, பழைய வீடு இடிக்கிற இடத்துல பார்த்து வாங்கி வைங்க. மாத்துற கூலி யாருதுன்னு வேலைக்கு முன்னாலயே பேசிருங்க. சண்டை வர்றது எல்லாம் இந்த இடத்துலதான்.

செங்கோட்டை: எங்க ஊர்ல ஏன் திருநெல்வேலியை விட ஜாஸ்தி கேக்காங்க?

சாரல். ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசமும் ஓடு காயுறதில்லை, பாசி மெத்தை மாதிரி வளருது. சாரல் விட்டு ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள கிடைக்கிற வெயில் கொஞ்ச நாள்தான். எல்லாரும் அப்பத்தான் கூப்பிடுதாங்க. மாசி, பங்குனியில கூப்பிட்டுப் பாருங்க, ஆள் சும்மா இருப்பான். காஞ்ச பாசி சுரண்டவும் லேசு. ஒரே தொல்லை, குரங்கு. குற்றாலம், பாபநாசம் பக்கமெல்லாம் ஓட்டைப் பேத்துப் போட்டுரும். சுத்தம் பண்ணுற அன்னைக்கே நகர்ந்த ஓட்டையும் சரி பண்ணச் சொல்லி, அதையும் சேர்த்து விலை பேசுங்க.

தச்சநல்லூர்: நாங்களே பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினா மிச்சமாகுமா? எவ்வளவு போடணும்?

சமதள கான்கிரீட் மாடின்னா தாராளமாப் பண்ணலாம். பவுடர் 1 கிலோவுக்குத் தண்ணி 20 லிட்டர். கலக்கி அரை மணி நேரம் வச்சு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் துணியில வடிகட்டி எடுங்க. அடியில நிக்கிற சுண்ணாம்பை ஸ்பிரேயர்ல ஊத்தினா முனை அடைச்சுக்கும். 20 லிட்டர் சுமார் 200 சதுர அடிக்கு வரும். ஆக 1000 சதுர அடிக்கு 5 கிலோ. மூட்டையைத் திறந்தா மூக்கைத் துளைக்கிற நெடி வரணும். நெடி இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்பு, காசுக்குக் கேடு.

காலையில 6 மணிக்கு ஆரம்பிங்க. முதல்ல வாரியல் போட்டுச் செத்தையெல்லாம் அள்ளிரணும், அப்புறம் மருந்து. 15, 20 நிமிஷம் ஈரமாவே ஊறணும். உச்சி வெயில்ல ஊத்தினா பாசி சாகுறதுக்கு முன்னால மருந்து காஞ்சு போகும். பாதி வீட்டுல "பிளீச்சிங் கேக்கலை"ன்னு சொல்லுறது இதனாலதான். பிறகு கட்டை பிரஷ், பிறகு நல்ல தண்ணி.

கீழ மல்லிகை, கறிவேப்பிலை இருந்தா முன்னாலயே தண்ணி ஊத்தி நனைச்சு, மேல சாக்கைப் போடுங்க. மழைநீர் சேகரிப்புக் குழாய் தொட்டிக்கோ கிணத்துக்கோ போனா அதைக் கழட்டி வெளிய விட்டுட்டுத்தான் கழுவணும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

பிளீச்சிங் போட்ட இடத்துல ஆசிட் ஊத்தவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். ஆசிட் தனியாவும் வேண்டாம். சிமெண்டைத் தின்னுட்டுத்தான் அழுக்கைத் தின்னும். அதுக்கப்புறம் சொரசொரப்பான தளத்துல பாசி இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

வள்ளியூர்: தண்ணிக்குத் தனியாக் காசு கேக்காங்க. நியாயமா?

எங்க போர்ல தண்ணி இருக்கு, எடுத்துக்கோங்கன்னு நீங்க சொன்னா நியாயம் இல்லை. இல்லைன்னா நியாயம்தான். மிஷின் நிமிஷத்துக்கு 8 லிட்டர் குடிக்கும். அரை நாள் வேலையில ரெண்டரை மணி நேரம் விசையை அமுக்கிக்கிட்டு இருந்தா 1200 லிட்டர். வீட்டு மாடியில இருக்கிற 1000 லிட்டர் டேங்க் பத்தாது. உங்க பக்கம் போர்த் தண்ணி உப்பு. மாடிக்குப் பரவாயில்லை. சோலார் பேனல் இருந்தா அதுல மட்டும் அந்தத் தண்ணியைக் காய விடாதீங்க, வெள்ளையாப் படிஞ்சிரும். பேனலுக்குப் பிரஷர் கன்னும் ஆகாது. அதிகாலையில, கண்ணாடி சூடேறுறதுக்கு முன்னால, நல்ல தண்ணியும் மெத்துன்னு துணியும் போதும். பேனலுக்கு அடியில குனிஞ்சு கழுவுறதுக்கு அரை ஆள் கூலி கூடக் கேட்டா கொடுக்கலாம்.

பணகுடி: ஆடி மாசம் யாருமே வர மாட்டேங்காங்க அண்ணாச்சி.

உங்க ஊர்க் காத்துல ஏணி நிக்குமா? மருந்தை அடிச்சா பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில போய் விழும். புரட்டாசி வரைக்கும் பொறுங்க.

மேலப்பாளையம்: வீட்டுக்குப் பின்னால ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, 300 சதுர அடி. கருப்பாக் கெடக்கு. மாடியோட சேர்த்துக் கழுவச் சொல்லலாமா?

வேண்டாம். இது ஒண்ணுக்கு மட்டும் என் பதில் கண்டிப்பா வேண்டாம்தான். பிரஷர்ல அடிச்சாலோ காஞ்சபடி தேய்ச்சாலோ நார் பிரிஞ்சு காத்துல கலக்கும். அது நுரையீரலுக்குப் பொல்லாதது. அதோட பழைய ஷீட் மொறுமொறுன்னு ஆகியிருக்கும், மேல ஏறினவன் ஷீட்டோட உள்ள விழுந்துருவான். ஆணி வரிசைக்கு அடியிலதான் கட்டை இருக்கு, மத்த இடமெல்லாம் வெறும் 6 மில்லிமீட்டர்.

ஒழுகலைன்னா கருப்பா இருந்துட்டுப் போகட்டும். தூம்புல (மழைத்தண்ணி இறங்குற வழியில) அடைச்ச செத்தையை மட்டும் ஏணியில நின்னு, நனைச்சுட்டு அள்ளுங்க. கழுவக் கொடுக்கிற காசைச் சேர்த்து வச்சு ஷீட்டையே மாத்துங்க.

உவரி: கலர் ஷீட் போட்டு ஆறு வருஷம். ஸ்குரூவைச் சுத்தித் துரு.

உப்புக்காத்து. உங்களுக்கு மருந்தே வேண்டாம், பிளீச்சிங் பட்டா துரு இன்னும் ஓடும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணியை ஹோஸ்ல விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆள் கூப்பிட்டா கழுவுறதுக்குத் தனியா, ஸ்குரூ மாத்த ஒரு ஸ்குரூவுக்கு இவ்வளவுன்னு தனியா விலை வாங்குங்க. ரப்பர் வாஷர் விரிஞ்சிருந்தா ஸ்குரூவோட சேர்த்து மாத்தணும்.

பேட்டை: தாத்தா காலத்து சுண்ணாம்புக் காரை மாடி, மேல தட்டோடு பதிச்சது. மிஷின் வச்சு அடிக்கலாம்ங்காங்க.

அடிச்சா அழுக்கோட சேர்ந்து தட்டோட்டு இடுக்குல இருக்கிற சுண்ணாம்பும் வந்துரும். அன்னைக்கு மாடி பளிச்சுன்னு இருக்கும், ஐப்பசியில கீழ தார்சாவுல ஒழுகும். பிரஷும் கையும்தான் இதுக்கு. அதனால ஆள்நாள் ரெண்டு மடங்கு, விலையும் அப்படித்தான். கழுவிக் காஞ்சதும் இடுக்கு அடைக்கிற கொத்தனார் கூலியையும் சேர்த்தே கணக்குப் போடுங்க.

கைப்பிடிச் சுவர்ல அரசங்கன்னு இருந்தா கழுவ வந்த பையன்ட்ட பிடுங்கச் சொல்லாதீங்க. மேல தண்டு மட்டும் அறுந்து வரும், வேர் உள்ள தடிச்சுக்கிட்டே இருக்கும். பூச்சை உளியால வெட்டி, வேரை முழுசா எடுத்து, கலவை வச்சு அடைக்கணும். அது கொத்தனார் வேலை.

நாங்குநேரி: கழுவ வந்தவரு, கையோட வாட்டர் புரூஃப் பெயிண்டும் அடிச்சிட்டா பத்து வருஷம் கவலை இல்லைங்காரு. ஒரே நாள்ல முடிச்சுத் தாரேங்காரு.

ஒரே நாள்ல முடிக்கிறேன்னு சொல்லும்போதே அனுப்பி வச்சிருங்க. கழுவின கான்கிரீட் நல்ல வெயில்ல குறைஞ்சது ரெண்டு நாள் காயணும். சந்தேகம்னா 2 அடி சதுர பிளாஸ்டிக் தாளை விரிச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டி ராத்திரி விட்டுருங்க. காலையில அடியில வேர்த்திருந்தா ஈரம் இன்னும் உள்ள இருக்கு. அதுமேல அடிச்ச பெயிண்ட் கொப்புளிச்சு உரியும். விரிசலை அடைக்காம அடிக்கிற பெயிண்டும் அப்படித்தான்.

காயல்பட்டினம்: செலவைக் குறைக்கணும், எதை மட்டும் பண்ணினா போதும்?

தூம்புவாய். வேற எதையும் பண்ணாட்டியும் அதைப் பண்ணுங்க. 2023 டிசம்பர்ல உங்க ஊர்ல ஒரே நாள்ல 95 செ.மீ. பெஞ்சுது. 1000 சதுர அடி மாடியில அது 88,000 லிட்டர். அவ்வளவும் ரெண்டு மூணு குழாய் வழியாத்தான் இறங்கணும். வேப்பஞ்செத்தை அடைச்சு நாலு அங்குலம் நின்னாலே தளத்துமேல 9 டன் பாரம். மாடி கருப்பா இருக்கிறதால வீடு விழாது.

ஒரு ஆளுக்கு ரெண்டு மணி நேர வேலை அது. ஒவ்வொரு வாயிலயும் கையை விட்டு அள்ளிட்டு, ஒரு குடம் தண்ணியை மொத்தமா ஊத்துங்க. கீழ ஒருத்தர் நின்னு பார்க்கணும். குழாய் முனையில தண்ணி தடதடன்னு விழுந்தா சரி, நூல் மாதிரி வந்தா நடுவுல அடைப்பு இருக்கு, குழாயைக் கழட்டிப் பார்த்துட்டுத்தான் கூலியைக் கொடுக்கணும். வாயில வலைமூடி போடுறதா இருந்தா குமிழ் மாதிரி எழும்பி நிக்கிறதை வாங்குங்க. தட்டை வலைன்னா ரெண்டு இலை விழுந்தாலே மூடிக்கும்.