மலை நிழல் விழும் ஊர்: பாம் ஸ்பிரிங்ஸ் கேள்வி பதில்

கலிஃபோர்னியாவின் பாலைவன ஓய்வு நகரமான பாம் ஸ்பிரிங்ஸை ஒரே நாளில் நிதானமாகச் சுற்றிப் பார்ப்பது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து அதிகாலையில் காரில் கிளம்பி இரவே திரும்ப எண்ணுகிறோம். முழங்கால் வலி உள்ள அம்மாவும் வருகிறார். எதை முதலில் பார்ப்பது?

பதில்: ஊருக்கு மேற்கே செங்குத்தாக எழும் சான் ஹசின்டோ மலையை (10,834 அடி) அனுசரித்து நாளை வகுத்துக்கொண்டால் அலைச்சல் பெரிதும் குறையும். ஊர் மலையடிவாரத்திலேயே கிழக்கு நோக்கி அமைந்திருப்பதால் காலை வெயில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் டிசம்பரில் பிற்பகல் 3 மணி வாக்கிலேயே மேற்குப் பகுதித் தெருக்களில் மலையின் நிழல் இறங்கிவிடும். ஆகவே, காற்றாலைகளைக் கடந்து ஊருக்குள் நுழையும்போதே எதிர்ப்படும், மலைமேல் ஏறும் ரோப் காருக்கான சாலையை அப்போதைக்கு விட்டுவிட்டு, ஊரின் தென்கோடியில் உள்ள இந்தியன் கேன்யன்ஸ் பள்ளத்தாக்குகளுக்கு நேரே செல்லுங்கள்.

அங்கே ஆண்ட்ரியாஸ் பள்ளத்தாக்கு உங்கள் அம்மாவுக்கு ஏற்றது. ஓடைக்கரையில் பனைகளின் நிழலில் மேசைகள் போட்டிருக்கிறார்கள். அவர் அங்கே அமர்ந்திருக்க, மற்றவர்கள் ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள பாதையைச் சுற்றி வரலாம். இங்குள்ள விசிறிப் பனைகளின் காய்ந்த ஓலைகள் உதிர்வதில்லை. அவை அடுக்கடுக்காக மடிந்து அடிமரத்தை மூடித் தொங்குவதால், சிறு காற்றுக்கும் சலசலப்புக் கேட்கும். இப்பகுதியின் பழங்குடியினரான கஹுய்யா மக்கள் இந்த ஓலைகளால் கூரை வேய்ந்தார்கள், இதன் சிறு பழங்களை உண்டார்கள். அவர்கள் விதைகளை இடித்த உரல் குழிகள் ஓடையருகே பாறைகளில் இன்றும் உள்ளன. குனிந்து பார்க்காமல் கடந்து போகிறவர்களே அதிகம்.

நண்பகலுக்குப் பின் ஓய்வெடுத்துவிட்டு, நிழல் இறங்கும் வேளையில் ரோப் காருக்குச் செல்லுங்கள்.

கேள்வி: அந்த ரோப் கார் பயணம் அவ்வளவு சிறப்பானதா? கட்டணம் அதிகம் என்கிறார்களே?

பதில்: இந்த ஊரில் ஒன்றுக்குத்தான் பணம் செலவிடுவேன் என்றால் இதற்கே செலவிடுங்கள். 1963-இல் தொடங்கப்பட்ட இதன் ஐந்து கோபுரங்களில் நான்கை ஹெலிகாப்டர்களின் துணையோடுதான் எழுப்பினார்கள். மலைமுகம் அவ்வளவு செங்குத்தானது. ஊர்தியின் தளம் மெல்லச் சுழல்வதால் சன்னலோரத்திற்காக முண்டியடிக்க வேண்டியதில்லை. 2,643 அடியிலிருந்து 8,516 அடிக்குச் சுமார் பத்து நிமிடங்களில் சென்றுவிடுகிறது. கீழே கள்ளியும் பாறையுமாக இருக்க, மேலே பைன் காடு. கீழேயிருப்பதைவிட 15 முதல் 20 செல்சியஸ் டிகிரி வரை குளிர் கூடுதல், குளிர்காலத்தில் பனியும் உண்டு. மாலையில் மேல் நிலையத்திலிருந்து பார்த்தால், மலையின் நிழல் பள்ளத்தாக்கின் மீது கிழக்கு நோக்கி நீண்டுகொண்டே போவதைக் காணலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நிலையத்தின் பின்புறம் காட்டுக்குள் இறங்கும் சிமென்ட் பாதை சரிவானது. இறங்குவது எளிது, முழங்கால் வலியோடு ஏறி வருவது கடினம். இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்த உயரத்திற்குச் செல்லுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விடுமுறை நாள்களில் முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

கேள்வி: பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஜூலையில்தான். அப்போது வரலாமா?

பதில்: வர வேண்டாம். 2024 ஜூலை 5 அன்று இங்கு வெப்பம் 51 செல்சியஸைத் தொட்டது. நவம்பர் முதல் ஏப்ரல் வரையே ஊர் சுற்றுவதற்கான காலம்.

கேள்வி: ஊரின் நடுவிலேயே பழங்குடியினர் நிலம் இருக்கிறதாமே, அது எப்படி?

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஒரு சதுர மைல் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒற்றைப்படை எண் கொண்டவற்றை இருப்புப்பாதை நிறுவனத்திற்கும், இரட்டைப்படை எண் கொண்டவற்றை அகுவா கலியெந்தே கஹுய்யா மக்களுக்கும் அரசு ஒதுக்கியது. அதனால்தான் ஊர் இன்றும் சதுரங்கப் பலகையாகக் கிடக்கிறது. இதில் கசப்பான பக்கமும் உண்டு. வெந்நீர் ஊற்று அமைந்துள்ள 14-ஆம் கட்டத்தில் குடியிருந்த, பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களுமான ஏழைத் தொழிலாளர்களை 1950, 60-களில் வெளியேற்றி, வீடுகளை இடித்தும் எரித்தும் தரைமட்டமாக்கினார்கள். நகர மன்றம் 2021-இல் மன்னிப்புக் கோரியது. 2024-இல் இழப்பீட்டுக்கும் ஒப்புதல் அளித்தது. இப்போது அந்த ஊற்றை ஒட்டிப் பழங்குடியினரின் அருங்காட்சியகமும் குளியல் நிலையமும் இயங்குகின்றன. நண்பகல் ஓய்வுக்கு நான் பரிந்துரைப்பது இந்த அருங்காட்சியகத்தையே.

கேள்வி: புகழ்பெற்ற நவீன பாணி வீடுகளுக்குள் சென்று பார்க்க முடியுமா?

பதில்: பெரும்பாலானவை தனியார் குடியிருப்புகள், ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்து 1946-இல் முடிந்த காஃப்மன் இல்லத்தையும் தெருவில் நின்றுதான் பார்க்க முடியும். ஆனால் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஃப்ரேயின் பங்களிப்பில் 1965-இல் எழுந்த பெட்ரோல் நிலையம் இன்று சுற்றுலா வரவேற்பு மையமாகிவிட்டதால், அதற்குள் தாராளமாக நுழையலாம். ரோப் கார் சாலையின் முனையில், ஆப்பு வடிவக் கூரை வானை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதே அது. பிப்ரவரியில் நடக்கும் நவீன கட்டடக்கலை விழாவின்போது சில வீடுகளை உள்ளே சென்று பார்க்க வாய்ப்புண்டு.

கேள்வி: நாங்கள் சைவம். மாலையில் என்ன செய்யலாம், என்ன சாப்பிடலாம்?

பதில்: வியாழக்கிழமை வந்தால் பாம் கேன்யன் சாலையில் வண்டிப் போக்குவரத்தைத் தடுத்துவிட்டுத் தெருச்சந்தை நடத்துவார்கள், சைவ உணவுக்குச் சிரமம் இராது. எந்த நாள் வந்தாலும் பேரீச்சம்பழ மில்க்‌ஷேக்கைக் குடித்துப் பாருங்கள். அருகிலுள்ள இண்டியோ பகுதித் தோப்புகளின் பழத்தைப் பாலும் ஐஸ்கிரீமும் சேர்த்து அரைப்பது. திகட்டும் அளவுக்கு இனிப்பு, இருவருக்கு ஒன்று போதும்.

கேள்வி: அதே நாளில் ஜோஷ்வா ட்ரீ தேசியப் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: சேர்த்தால் இரண்டையும் கார் சன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள். அதற்குத் தனியே ஒரு நாள் ஒதுக்குங்கள். பூங்காவுக்குள் உணவகம் கிடையாது என்பதால் தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.