முதுகுப் பையோடு பாங்காக்: கேட்டதும் சொன்னதும்

நண்பர்களோடு நாலு முறை பாங்காக் போய் வந்தவன் என்று தெரிந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, நாங்க நாலு பேர், முதல் தடவை. எல்லாரும் காவ் சான் ரோடுல ரூம் போடச் சொல்றாங்க. போடலாமா?

தம்பி, ஒரு சாயங்காலம் சுற்றிப் பார்க்க நல்ல இடம், தூங்கத் தோதுப்படாது. காவ் சான் என்றால் அரிசி. ஒரு காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த தெரு. இப்போது நடுராத்திரி தாண்டியும் பாட்டுச் சத்தம். வாசலில் ரயில் வசதியும் இல்லை. யாவோராட் சைனாடவுனில், வாட் மங்கோன் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தை ஒட்டிப் போடுங்கள். ராத்திரிச் சாப்பாடு தெருவிலேயே கிடைக்கும். அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன் சனாம் சாய். அதிலிருந்து வாட் போ கோயில் நடக்கிற தூரம்தான்.

கேள்வி: ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸி எடுத்தா ஆளுக்குக் கொஞ்சம்தானே வரும்?

கணக்கு சரி, டிக்கி சரியில்லை. அங்கே நிறைய டாக்ஸிகளில் டிக்கியின் பாதியை கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும். நாலு முதுகுப் பைக்கு இடமிருக்காது, மடியில்தான் வைக்க வேண்டும். சுவர்ணபூமியில் இறங்கினால் கீழ்த்தளத்திலேயே ரயில். கடைசி ஸ்டேஷனான பயா தாய் வரைக்குமே 45 பாட் (தாய்லாந்துக் காசு)தான். நீங்கள் முன்னாடியே மக்கசானில் இறங்கி, பெட்சபுரி எம்ஆர்டிக்கு நடந்து மாறிக்கொள்ளலாம். டிக்கெட்டில் டான் முவாங் என்று இருந்தால் அது வேறு விமான நிலையம், வேறு வழி.

கேள்வி: டுக்டுக் (அங்கத்து ஆட்டோ) ஏமாத்துன்னு பயமுறுத்துறாங்களே, நிஜமா?

நிஜம், அனுபவம். முதல் முறை கிராண்ட் பேலஸ் அரண்மனை மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ அட்டை, ரொம்ப மரியாதையான ஆள். "இன்னைக்கு விசேஷ பூஜை, மத்தியானத்துக்கு மேலதான் திறப்பாங்க. அதுவரைக்கும் இருபது பாட்டுக்கு மூணு கோயில் காட்டுவான்" என்று ஒரு டுக்டுக்கைக் கைகாட்டினார். இரண்டாவது கோயிலுக்கும் மூன்றாவது கோயிலுக்கும் நடுவில் ஒரு நகைக்கடை. என் நண்பன் ஒரு நீலக்கல் மோதிரம் வாங்கினான். ஊருக்கு வந்து தெரிந்த ஆசாரியிடம் காட்டினோம். லென்ஸில் ஒரு நொடி பார்த்தார், ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

அரண்மனைக்கு யார் என்ன சொன்னாலும் டிக்கெட் கவுன்ட்டர் வரை போய் நீங்களே பாருங்கள். காலை 8.30-க்குத் திறக்கும், 3.30-க்கு மேல் டிக்கெட் கிடையாது. 500 பாட். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் எல்லாம் வாசலோடு சரி.

கேள்வி: டிராஃபிக் பயங்கரம்னு கேள்வி. எப்படிச் சுத்துறது?

தண்ணீரில். என்னைக் கேட்டால் பாங்காக்கின் சிறந்த வண்டி சேன் சேப் கால்வாய்ப் படகுதான். வாட் சகேட் கோயில் பக்கம் பன்ஃபா துறையில் ஏறினால், மேலே ஊரே ஸ்தம்பித்து நிற்கும்போது பிரதூனாம் கடைவீதிப் பக்கம் பறந்துவிடலாம். டூரிஸ்ட் படகு இல்லை, ஆபீஸ் போகிறவர்களின் படகு. கண்டக்டர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளிவிளிம்பில் நடந்தே டிக்கெட் கொடுப்பார். பாலங்கள் அவ்வளவு தாழ்வு. எதிரே படகு வந்தால் தண்ணீர் தெறிக்காமல் இருக்க, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்துக் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்க வேண்டும். அதைச் செய்யாமல் செல்ஃபி எடுத்தவனை அந்த வரிசையே முறைத்தது. தண்ணீர் கறுப்பு, கூவம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடிப் படகைப் பாருங்கள், எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். துறையில் சுற்றுலாப் படகு டிக்கெட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் "காய்கறி மட்டும்" என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. நாம் உப்பு போடுவதுபோல் அவர்கள் "நாம் ப்ளா", அதாவது மீன் சாஸ், ஊற்றுவார்கள். "ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை ஜே கடை. முட்டை, பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. எங்கள் கூட்டத்து அசைவக்காரனே அங்கே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

கேள்வி: நம்ம ஊர் கோயில் இருக்காமே?

சீலோம் ரோட்டில் மாரியம்மன் கோயில், 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது. இப்போது கும்பிடுகிறவர்களில் தாய்லாந்துக்காரர்கள் ஏராளம். விஜயதசமி ஊர்வலத்துக்கு ரோட்டையே அடைப்பார்கள். நான் அதைவிட ஆச்சரியப்பட்டது வாட் சுதத் கோயில் எதிரே நிற்கும் சிவப்பு நிற ராட்சத ஊஞ்சல். 1935 வரை ஒரு சடங்குக்காக ஆட்கள் அதில் ஆடியிருக்கிறார்கள். அந்தச் சடங்கின் பெயர் திரியம்பாவாய்–திரிபாவாய். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: திருவெம்பாவை, திருப்பாவை! ஊஞ்சல் நின்றாலும், பக்கத்து தேவஸ்தானத்தில் பிராமணர்கள் சடங்கை இன்னும் நடத்துகிறார்கள்.

கேள்வி: காசு விஷயத்துல நண்பர்களுக்குள்ள சண்டை வராம இருக்க?

வெளிநாட்டு கார்டுக்கு ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். நாலு பேர் நாலு தடவை எடுக்காதீர்கள். ஒருவர் மொத்தமாக எடுத்துப் பொதுப் பையில் போடுங்கள். படகு, ரயில், தண்ணீர் பாட்டில் அதிலிருந்து. பீர் மட்டும் அவரவர் காசில். இந்த ஒரு விதி இல்லாமல்தான் எங்கள் இரண்டாவது பயணத்தில் இரண்டு பேர் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை.

கேள்வி: வேப் (இ-சிகரெட்) கொண்டு போகலாமா?

வேண்டாம். அங்கே தடை.

கேள்வி: ஒரு நாள் மிச்சம் இருக்கு. என்ன செய்யலாம்?

மாலில் தொலைக்காதீர்கள். ஹுவா லம்போங் பழைய ஸ்டேஷனிலிருந்து பழைய தலைநகரமான அயுத்தயாவுக்குச் சாதாரண ரயில், மூன்றாம் வகுப்பு, 20 பாட் சுமாருக்கு. ஏசி இல்லை, ஜன்னல் திறந்திருக்கும், ஏறி இறங்கித் தின்பண்டம் விற்பார்கள். காலையிலேயே போனால் நாலு பேருக்கும் எதிரெதிர் சீட்டு கிடைக்கும்.