ஏரியில் ஓட்ட ஒரு சின்ன மோட்டார் படகு வாங்குகிறோம். முதலில் எதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரிப் பக்கம் இருக்கிறார். 16 அடி அலுமினியப் படகு ஒன்றை, பின்சுவரில் வெளியே மாட்டும் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினோடு, பழையதாக வாங்கப் போகிறார். "எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், பிள்ளைகளுக்கு மட்டும் லைஃப் ஜாக்கெட் போதுமா? போர்ட், ஸ்டார்போர்ட் என்கிறார்களே, அதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். நானும் சில கோடைகளாக அதே ஏரியில் சின்னப் படகு ஓட்டுகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: போதாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2022 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 636 பேர். இறப்புக்கான காரணம் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 85 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. படகில் ஜாக்கெட் இருந்ததா இல்லையா என்பது வேறு விஷயம், உடம்பில் இல்லை.

நீச்சல் தெரியும் என்கிற தைரியம் ஊர்க் கிணற்றுக்கும் குளத்துக்கும் சரி. இங்கே மே மாதக் கடைசியில் வெயில் அடிக்கும், சட்டையைக் கழற்றலாம் போல இருக்கும், ஆனால் ஏரியில் பனி உருகிச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். அந்தத் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் என்ன ஆகும் என்பதை மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் ஆராய்ந்து 1-10-1 என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசம் இருக்காது. திக்கித் திணறி இழுக்கும், அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிடம்வரை கை கால் சொன்னபடி கேட்கும், பிறகு கேட்காது. உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகும். ஆக, ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் இல்லை, முதல் பதினொரு நிமிடங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு நீச்சல் வீரருக்கும் கை ஓடாது. தலையை மேலே வைத்திருக்க ஜாக்கெட்தான் வேண்டும்.

கனடாச் சட்டப்படி படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் அங்கீகரிக்கப்பட்ட ஜாக்கெட் ஒன்று இருந்தாக வேண்டும். தானாக ஊதிக்கொள்ளும் மெல்லிய பெல்ட் வகையை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கோ 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கோ வாங்காதீர்கள், அது அவர்களுக்கு அங்கீகாரம் இல்லாதது. பிள்ளைகளுக்கு வாங்கும்போது தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிய சைஸ்.

இனி சொற்கள். பட்டியல் போட்டுப் படிக்க வேண்டியதில்லை, வேலையோடு சேர்ந்தே வந்துவிடும். படகின் முன்பக்கத்துக்கு "போ" (bow) என்று பெயர். நம் கரையோர மீனவர்கள் அணியம் என்பது இதைத்தான். பின்பக்கம் ஸ்டெர்ன். முன்னோக்கி நின்றால் இடது போர்ட், வலது ஸ்டார்போர்ட். இடது, வலது என்றே சொன்னால் என்ன என்று கேட்கலாம். படகில் பாதிப் பேர் பின்னால் திரும்பி உட்கார்ந்திருப்பார்கள், அவசரத்தில் யாருடைய இடது என்ற குழப்பம் வரும். போர்ட் என்றால் யார் எப்படி உட்கார்ந்திருந்தாலும் அதே பக்கம்தான்.

இது உயிர் காக்கும் இடம் ஒன்று உண்டு. ஓடும் படகிலிருந்து ஒருவர் ஸ்டார்போர்ட் பக்கமாக விழுந்தால், ஸ்டியரிங்கை உடனே ஸ்டார்போர்ட் பக்கமே திருப்ப வேண்டும். மனசு எதிர்ப்பக்கம்தான் திருப்பச் சொல்லும். ஆனால் படகு காரைப் போல முன்னால் திரும்பாது, பின்பக்கம்தான் வீசிக்கொண்டு போகும். விழுந்த பக்கமே திருப்பினால் ஸ்டெர்னும் புரொப்பெல்லரும் அவரைவிட்டு விலகும். ஒருவர் விழுந்தவரை விரலால் காட்டிக்கொண்டே இருக்கட்டும், கண்ணை எடுக்கக் கூடாது. சின்ன அலையிலும் ஒரு தலை மறைந்துவிடும். காற்றை எதிர்த்து மெதுவாக அவரிடம் வந்து, எஞ்சினை அணைத்த பிறகே கை கொடுங்கள்.

விழுவது ஓட்டுநராகவே இருந்தால்? அதற்குத்தான் கில் ஸ்விட்ச் கயிறு. ஒரு முனை எஞ்சினில், மறுமுனை உங்கள் உடம்பில். ஆள் நகர்ந்தால் எஞ்சின் நிற்கும். கையால் பிடித்துத் திருப்பும் டில்லர் வகை அவுட்போர்டில் பிடி விட்டவுடன் எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து, படகு வட்டமடித்து விழுந்த இடத்துக்கே திரும்பி வரும். பழைய படகு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கயிறு இருக்கிறதா, இழுத்தால் எஞ்சின் உண்மையில் நிற்கிறதா என்பதை. பெயின்ட்டை அப்புறம் பார்க்கலாம்.

படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையிலான உயரம் ஃப்ரீபோர்டு. சின்னப் படகில் எல்லாத் தொல்லையும் இதில்தான். படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு குதிரைத்திறன் என்று இருக்கும். "ஆறு பேர்" என்றால் அமைதியான நீரில் ஆறு பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எடை அளவாக இருந்தாலும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்தால் வேறு கதை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. மீன் மாட்டினாலும் போட்டோ எடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழ வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

எஞ்சின் மாட்டியிருக்கும் பின்சுவர் டிரான்சம். படகின் தாழ்ந்த இடம் அது. அதனால் நங்கூரத்தை ஒருபோதும் பின்னால் கட்டாதீர்கள். எஞ்சின் எடையும் ஆளும் ஏற்கெனவே அங்கே அழுத்த, கயிறும் சேர்ந்து கீழே இழுத்தால் இரண்டு அலையில் தண்ணீர் உள்ளே. எப்போதும் அணியத்தில்தான். கயிறு நீளம் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வேண்டும். சட்டம் கேட்பது 15 மீட்டர் கயிறு. அது மூன்று மீட்டர் ஆழத்துக்குத்தான் ஆகும். சிம்கோவின் குக்ஸ் பே விரிகுடாவில் ஆழம் குறைந்த இடங்களில் சமாளிக்கலாம், அதே ஏரியின் கெம்பன்ஃபெல்ட் பே விரிகுடாவின் 40 மீட்டர் ஆழத்தில் அந்தக் கயிறு சும்மா தொங்கும். அதேபோல வேகமாக வந்து சட்டென்று நிறுத்தினால் நம் படகு கிளப்பிய அலையே பின்னால் வந்து டிரான்சமைத் தாண்டும். வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

படகு கவிழ்ந்தே விட்டால் படகை விட்டுப் போகாதீர்கள். இந்த அளவுப் படகில் மிதக்க நுரை வைத்திருப்பார்கள், தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும். கரை கிட்டத்தில் தெரிவதை நம்பி நீந்தப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

எதிரே வருகிறவர்கள் விஷயம் சாலை விதியைவிடச் சுலபம். நேருக்கு நேர் வந்தால் இருவரும் ஸ்டார்போர்ட் பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வந்தால் உங்கள் ஸ்டார்போர்ட் பக்கம் இருப்பவருக்கு வழி விடுங்கள். இரவில் இது இன்னும் எளிது. ஓடும் மோட்டார் படகுக்கு போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை. உங்கள் வலப்பக்கமிருந்து குறுக்கே வருகிறவர் உங்களுக்குச் சிவப்பைத்தான் காட்டுவார். விலக வேண்டியது நீங்கள். முந்துகிறவர் யாராக இருந்தாலும் அவரே ஒதுங்கிப் போக வேண்டும். ஆனால் விதி உங்கள் பக்கம் இருந்தாலும் அவர் பார்க்கவில்லை என்று தெரிந்தால் விலகிவிடுங்கள். ஏரியில் சனிக்கிழமை மதியம் பீர் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் குறைவில்லை. அதுவும் கார் ஓட்டுவதைப் போலவே குற்றம்தான்.

படகு போகும் வழியைக் காட்டும் சிவப்பு, பச்சை மிதவைகளில், நீரோட்டத்தை எதிர்த்து மேலே போகும்போது சிவப்பு உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். வட, தென் அமெரிக்கா முழுக்க இதே முறை. இந்தியா, இலங்கை, ஐரோப்பாவில் நேர் எதிர், அங்கே கற்றுக்கொண்டு வந்தவர்கள் கவனம். சிம்கோ வழியாகப் போகும் டிரென்ட்-செவர்ன் நீர்வழியில் இன்னொரு வேடிக்கை: படகுகளைத் தூக்கி இறக்கும் கிர்க்ஃபீல்டு லிஃப்ட் லாக் தாண்டியதும் சிவப்பும் பச்சையும் பக்கம் மாறிவிடும், ஏனென்றால் அங்கிருந்து தண்ணீர் மறுபக்கம் இறங்குகிறது.

டிரெய்லரில் ஏற்றி இறக்குகிறீர்கள் என்றால், படகுக்குள் தேங்கும் தண்ணீரை வடிக்கும் துளையை அடைக்கும் டிரெயின் பிளக்கை மறக்காதீர்கள். அயல் உயிரினங்கள் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும் என்று, படகைச் சாலையில் கொண்டுபோகும்போது பிளக்கைக் கழற்றியிருக்க வேண்டும் என 2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் சட்டமே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் இறக்கும் முன் அதைத் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். சாவிக்கொத்தோடு சேர்த்துக் கட்டி வைத்தால் சாவியை எடுக்கும்போதே பிளக் ஞாபகம் வரும்.

கடைசியாக, மோட்டார் படகு ஓட்ட ஆபரேட்டர் கார்டு வேண்டும். இணையத்திலேயே தேர்வு, 50 கேள்வி, 75 சதவீதம் எடுத்தால் போதும், ஆயுளுக்கும் செல்லும். உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கு 13 வயது என்று வையுங்கள், அவர் கார்டு எடுத்தால் 40 குதிரைத்திறன் வரை தனியாகவே ஓட்டலாம், உங்கள் எஞ்சின் சரியாக அந்த வரம்பில்தான் இருக்கிறது. ஜெட் ஸ்கீ மட்டும் 16 வயது ஆகாமல் கிடையாது, நீங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தாலும்.